எடை மெஷினுக்குத் தெரியாதது



நடைப்பயிற்சி பற்றி நாம் எப்போது எழுதினாலும் அடுத்த சில வாரங்களுக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வந்துகொண்டிருக்கும். ஊர் மாறும், கையெழுத்து மாறும், சங்கதி மாறாது. "மூன்று மாதமாக விடியற்காலை எழுந்து நடக்கிறேன். ஒரு கிலோ கூடக் குறையவில்லை. பேசாமல் அந்த நேரம் தூங்கியிருக்கலாம்." இந்த முறை ஓர் அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். சந்தேகப்பட்டுப் புது எடை மெஷின் வாங்கினாராம். அது அரைக் கிலோ கூடுதலாகக் காட்டுகிறதாம். படித்ததும் சிரித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் சிரிக்கிற விஷயம் இல்லை. தை மாதம் பூங்காவில் புதிதாகச் சேரும் கூட்டத்தில் பலரை மாசிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவது அந்த மெஷின்தான் என்பது என் கணிப்பு.

இந்தப் பக்கத்தை அவர்களுக்காகவே எழுதுகிறேன். உடற்பயிற்சி உடம்புக்குள் செய்கிற வேலைகளின் பட்டியலில் எடைக் குறைப்பு எங்கோ அடியில் கிடக்கிறது. மேலே இருப்பவை எதுவும் மெஷின் முள்ளை அசைக்காது. இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, தொடைத் தசை அதிலிருந்து எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, சாப்பிட்ட சோற்றின் சர்க்கரை எங்கே போய்ச் சேருகிறது என்பதையெல்லாம் மெஷின் மேல் ஏறி நின்று பார்க்க முடியாது.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படி இறங்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு நூறு முறை போலத் துடிக்கும். சும்மா இருக்கும்போது எழுபது, எண்பதில் நிற்பதற்குக் காரணம், மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்பு அதை அடக்கி வைத்திருப்பது. நடக்கப் போகிறோம் என்று மனம் முடிவெடுத்ததும் அந்தப் பிடி தளர்கிறது. ஓட்டப் பந்தயத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு விசில் ஊதுமுன்பே நெஞ்சு படபடப்பது இப்படித்தான். கொஞ்சம் வேகம் பிடித்ததும் அட்ரினலினும் சேர்ந்துகொண்டு துடிப்பை மேலே ஏற்றுகிறது. இதற்கிடையில் கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் இறுகித் தளர்ந்து, காலில் தேங்கியிருந்த ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன. உள்ளே வந்து நிறையும் ரத்தம் கூடக் கூட, இதயத்தின் சுவர் அதிகமாக இழுபடுகிறது; இழுபட்ட அளவுக்குப் பலமாகச் சுருங்குகிறது. வந்ததை வெளியே தள்ளிவிடும் இந்த ஒழுங்கை மூளை சொல்லித்தர வேண்டியதில்லை, இதயத் தசையிலேயே அது இருக்கிறது. ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க்கும் லண்டனின் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் நூறாண்டுக்கு முன்பே விளக்கிவிட்ட சங்கதி இது.

அளவுகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் தன்னால் முடிந்த வேகத்தில் ஓடும்போது அது 20 லிட்டரைத் தொடும். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஒன்று நிரம்பி வழிகிற அளவு, அதுவும் ஒரே நிமிடத்தில். தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் 35 லிட்டர் வரைகூட அளந்திருக்கிறார்கள். ஓய்வில் தசைகளுக்குக் கிடைப்பது மொத்த ரத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல. உச்ச உழைப்பில் ஐந்தில் நான்குக்கும் மேல் அவற்றுக்கே போகிறது. குடலும் சிறுநீரகமும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கின்றன. கல்யாணப் பந்தியில் சாப்பிட்ட கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர்களுக்கு வயிறு இதைச் சொல்லியிருக்கும்.

நம் ஊரில் இந்தப் பங்கீட்டில் இன்னொரு போட்டியும் உண்டு. வெக்கையில் நடக்கும்போது உடம்பின் சூட்டை வெளியேற்ற, தோலுக்கும் ரத்தம் அனுப்பியாக வேண்டும். வியர்வையில் நீர் போகப்போக ரத்தத்தின் அளவே சுருங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைவதால், குறையை ஈடுகட்டத் துடிப்பு கூடுகிறது. மார்கழியில் சுலபமாக முடித்த அதே தூரம், அதே வேகம், சித்திரையில் நெஞ்சை அடிக்க வைப்பது இதனால்தான். உடம்பு திடீரென்று கெட்டுப்போய்விட்டதாக எண்ண வேண்டாம். குளிர் நாட்டுப் பாடப்புத்தகங்கள் இதை ஒரு பத்தியில் முடித்துவிடும். நமக்கு ஆண்டில் பாதி நாள் இதுதான் நிலவரம். கோடையில் நேரத்தை முன்னே தள்ளுங்கள், வேகத்தைக் குறையுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

இதெல்லாம் நடக்கும் நேரத்தில் நிகழ்வது. தொடர்ந்து நடந்தால் உடம்பு தன்னையே மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது. முதல் மாற்றம் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது. அதிக ரத்தம் இருந்தால் இதயம் நன்றாக நிறையும், ஒவ்வொரு துடிப்புக்கும் அதிகமாக வெளியேறும். சிவப்பணுக்கள் பெருக வாரக் கணக்கில் ஆகும். தசைகளும் சும்மா இருப்பதில்லை. கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைக் கூடுதலாகச் சேமிக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வரும். ஆக, புதிதாக நடக்கத் தொடங்கியவர் சில வாரம் கழித்து எடை பார்த்தால் சற்றுக் கூடியிருப்பதும் உண்டு. புது மெஷின் வாங்கிய அம்மா, உங்கள் அரைக் கிலோவில் ஒரு பகுதி இந்தக் கணக்கில் வந்ததாக இருக்கலாம்.

பயிற்சி பழகிய இதயத்துக்கு ஓய்வு அதிகம். அதே 5 லிட்டரைக் குறைந்த துடிப்புகளில் தள்ளிவிடுகிறது. வேகஸ் நரம்பின் பிடியும் முன்பைவிட இறுகுகிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து குறைந்தால் நாளொன்றுக்கு 14,400 துடிப்பு மிச்சம். நெடுந்தூர விளையாட்டு வீரர்களுக்கு ஓய்வுத் துடிப்பு நாற்பதுகளில் இருப்பது சகஜம். 1899-ல் ஸ்வீடன் மருத்துவர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டித் தட்டியே அவர்களுடைய இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டுபிடித்தார். எக்கோ இல்லாத காலத்துக் கை அது. பெரிய இதயம் என்றாலே நோய் என்று வெகுகாலம் மருத்துவர்கள் பயந்தார்கள். ஓடுபவர்களுக்கு அறை விரிகிறது, பளு தூக்குபவர்களுக்குச் சுவர் தடிக்கிறது, பெரும்பாலும் இரண்டும் ஆரோக்கியமான மாற்றங்களே என்பது பிறகு தெளிவானது. பூங்காவைச் சுற்றி வரும் நமக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

எடைக்கும் இதயத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேச லண்டன் பஸ்ஸில் ஏற வேண்டும். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், இரண்டாம் உலகப்போர் முடிந்த சில ஆண்டுகளில், லண்டன் போக்குவரத்து நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் இதய நோய்க் கணக்கை எடுத்தார். சிவப்பு நிற மாடி பஸ். டிரைவர் பணி நேரம் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்; கண்டக்டர் டிக்கெட் கிழிக்க நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குபவர், தினம் ஐந்நூறு அறுநூறு படிகள். (சென்னையிலும் ஒரு காலத்தில் மாடி பஸ் ஓடியது, மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்.) இருவரும் ஒரே வர்க்கம், ஒரே நிறுவனம், ஒரே பஸ். 1953-ல் முடிவு வெளியானது. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் வயது தள்ளி வந்தது, உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது.

உடனே ஒரு கேள்வி எழுந்தது. குண்டாக இருப்பவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ? மாரிஸ் விடவில்லை. ஊழியர்களுக்குச் சீருடை கொடுத்த பதிவேட்டில் பேன்ட்டின் இடுப்பளவு இருந்தது. அதை எடுத்து ஆராய்ந்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியோ, நடுத்தரமோ, தொப்பையோ, எந்த அளவுக்காரர்களை எடுத்து ஒப்பிட்டாலும் திடீர் மரணம் கண்டக்டர்களிடம் குறைவாகவே இருந்தது. 1956-ல் இதை வெளியிட்டார்கள். தையற்காரரின் அளவு நாடாவை வைத்து இதயத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன ஆராய்ச்சி வேறு ஏதும் எனக்குத் தெரிந்து இல்லை. மாரிஸும் வயதான காலம் வரை உடற்பயிற்சியை விடாதவர். 2009-ல் மறைந்தபோது அவருக்கு வயது 99.

பஸ் கதை, உழைப்பவர்களுக்கு நோய் குறைவு என்று காட்டியது. உழைப்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பார்த்தார்கள். இருபது வயதான ஐந்து ஆரோக்கியமான இளைஞர்கள். மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வேண்டும், பிறகு எட்டு வாரம் கடும் பயிற்சி. ஸ்வீடனிலிருந்து வந்த பெங்ட் சால்டினும் டல்லஸின் ஜெரி மிட்செலும் அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் அளவை அளந்தார்கள். முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதே அந்த அளவு. இதயம், நுரையீரல், ரத்தம், தசை நான்கின் திறமையையும் ஒரே எண்ணில் சொல்லிவிடும்.

மூன்று வாரப் படுக்கையில் அந்த எண் 27 சதவீதம் விழுந்தது. இருபது வயதில், ஒரு நோயும் இல்லாமல், வெறுமனே படுத்திருந்ததற்கு! இதயம் உச்சத்தில் தள்ளிய ரத்தம் நிமிடத்துக்கு 20 லிட்டரிலிருந்து 15 லிட்டருக்கு இறங்கியது. பயிற்சி தொடங்கியதும் இழந்ததெல்லாம் திரும்பி, பழைய அளவையும் தாண்டியது. அந்தக் காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக் கணக்கில் அசையவிடாமல் படுக்க வைப்பதுதான் வைத்தியம். பாஸ்டனில் லெவைன், லௌன் என்ற இரு மருத்துவர்கள் 1952-லேயே நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்து அந்த வழக்கத்தை எதிர்த்திருந்தார்கள். டல்லஸ் முடிவுகளும் சேர்ந்து படுக்கை வைத்தியத்தை ஆட்டங்காண வைத்தன. இன்று ஸ்டென்ட் வைத்த மறுநாளே வார்டு வராந்தாவில் நடக்கச் சொல்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இந்த ஐந்து பேரின் முதுகுவலியும் இருக்கிறது. நம் வீடுகளில் மட்டும், டாக்டர் நடக்கச் சொன்னாலும் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "அசையாமப் படுங்க மாமா" என்று அதட்டுவது இன்னும் தொடர்கிறது.

கதை அதோடு முடியவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்தார்கள். ஐம்பது வயது. சராசரியாக 77 கிலோவாக இருந்தவர்கள் 100 கிலோ ஆகியிருந்தார்கள். உடல் கொழுப்பு இரண்டு மடங்கு. உச்ச ஆக்சிஜன் அளவை எடுத்துப் பார்த்தால், இருபது வயதில் இருந்ததைவிட 12 சதவீதம்தான் குறைந்திருந்தது. முப்பது ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட, இளமையில் மூன்று வாரம் படுத்திருந்தது செய்த சேதம் பெரிது! பிறகு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். இந்த முறை கடுமை இல்லை. நடை, மெதுவோட்டம், சைக்கிள், படிப்படியாக வாரத்துக்கு நாலரை மணி நேரம் வரை. ஆறு மாத முடிவில் ஐந்து பேரின் சராசரி, இருபது வயதில் படுக்கைக்குப் போகுமுன் இருந்த அளவுக்குத் திரும்பிவிட்டது. எடையோ, ஏறிய இருபத்து மூன்று கிலோவில் ஒரு சிறு பங்குதான் இறங்கியது. மெஷினை நம்பியிருந்தால் அந்த ஐவரும் "ஒன்றும் பயனில்லை" என்று நமக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஐம்பது வயதில் அவர்களுடைய இதயம் உச்சத்தில் தள்ளும் ரத்தத்தின் அளவு பயிற்சியால் கூடவில்லை. முன்னேற்றம் முழுக்கத் தசையில் நடந்தது. ஓடி வரும் அதே ரத்தத்திலிருந்து அதிக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத் தசைகள் கற்றிருந்தன. ஐம்பது வயதில் அவர்களுடைய இதயத்துக்கு உதவி செய்தது கால்கள்தான்.

தசைக்குள் என்ன மாறுகிறது? 1967-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோசி என்பவர் எலிகளை ட்ரெட்மில்லில் ஓடவைத்தார். சில வாரங்களில் அவற்றின் கால் தசையில் ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. மனிதருக்கும் இது பொருந்தும். தசை நார்களைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களும் பெருகுகின்றன. விளைவாக, முன்பு மூச்சு வாங்கிய அதே வேகத்தில் இப்போது கொழுப்பைக் கூடுதலாக எரித்து, சேமித்த கிளைக்கோஜனைச் சிக்கனமாகச் செலவிட முடிகிறது. பயிற்சியின்போது உண்டாகும் லாக்டேட்டை விஷம் போலப் பேசுகிறவர்கள் உண்டு. உண்மையில் அது ஓர் எரிபொருள். உழைக்கும் நேரத்தில் இதயமே அதை விரும்பி எடுத்து எரிக்கிறது. மறுநாள் காலையில் கால் வலிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுகர் உள்ள வாசகர்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இனி வருகிறது. ஸ்டாக்ஹோமில் பெரிஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்று இரு ஆராய்ச்சியாளர்கள், 1966-ல் தங்கள் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்கினார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் இருவர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப் போகும் வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. ஊசியால் இரு தொடைகளிலிருந்தும் துளித் தசை எடுத்துப் பார்த்தபோது, மிதித்த காலில் கிளைக்கோஜன் வற்றிப் போயிருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. மிதித்த காலில் கிளைக்கோஜன் பழைய அளவுக்கு வந்ததோடு நிற்காமல், சும்மா இருந்த காலைப் போல இரண்டு மடங்காக ஏறிவிட்டது. இரண்டு காலுக்கும் போனது ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே இன்சுலின். வேலை செய்த கால் மட்டும் சர்க்கரையை வாரி எடுத்துக்கொண்டது.

காரணம் பிற்பாடு புரிந்தது. சர்க்கரையைத் தசைக்குள் கொண்டுசெல்லும் புரதங்கள் செல்லின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து தூண்டினால் அவை செல்லின் மேற்பரப்புக்கு வரும். தசை சுருங்கினாலும் வரும், அதற்கு இன்சுலின் தேவையில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில்கூட இந்த இரண்டாவது வழி அடைபடுவதில்லை. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். பிறகு பழைய நிலைக்குப் போய்விடும். நீரிழிவுக்காரர்கள் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து இடைவெளி விடக்கூடாது என்று சொல்வது இதனால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டரை மணி நேரம் நடந்துவிட்டு வாரக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று நினைக்கும் நண்பர்கள், இதயத்துக்கு அது ஓரளவு உதவினாலும் சுகருக்கு வியாழக்கிழமை ஒன்றும் மிஞ்சாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சுகர் வரும் விளிம்பில் இருந்த 531 பேரைப் பிரித்து மூன்று ஆண்டு கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவுக் கட்டுப்பாடும் தினசரி அரை மணி நேர வேக நடையும் சொல்லித் தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் 39 சதவீதம். இன்னொரு பிரிவினருக்குக் கொடுத்த மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை தந்த பலனுக்கு ஏறத்தாழ அதே அளவு. நம் விஷயத்துக்கு வேண்டியது அடுத்த வரி: நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை.

எடையை நம்பக்கூடாது என்பதற்கு நம் நாட்டவர்க்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004-ல் புணேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் சேர்ந்து தங்கள் படத்தையே ஒரு மருத்துவ இதழில் போட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்று, 22.3. உடம்பின் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. யுட்கின் மாரத்தான் ஓடுபவர், யாஜ்னிக்கின் முக்கியப் பயிற்சி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவது என்று அவர்களே வேடிக்கையாகக் குறிப்பிட்டார்கள். பிறப்பிலிருந்தே வரும் வேறு காரணங்களும் இதில் உண்டு. எப்படியானாலும், "எனக்கு எடை சரியாகத்தானே இருக்கிறது, எதற்கு நடக்க வேண்டும்" என்று கேட்கும் ஒல்லியானவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டலாம்.

சரி, இவ்வளவு நடந்தும் எடை ஏன் குறைவதில்லை? ஒரு பாதி விடை எளிது. அரை மணி நேர வேக நடை எரிப்பது 130, 150 கலோரி போல. பூங்கா வாசல் கடையில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் அதை அடைத்துவிடும். மறுபாதி சற்று விசித்திரம். தான்சானியாவில் இன்னும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களை ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆய்வாளர் அளந்து 2012-ல் எழுதினார். ஆண்கள் நாளொன்றுக்குப் பதினொரு கிலோமீட்டர் போல நடப்பவர்கள். உடல் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், நாள் முழுக்க அவர்கள் செலவிடும் மொத்தச் சக்தி அமெரிக்க அலுவலக ஊழியர் செலவிடுவதைவிட அதிகமாக இல்லை. அதிகம் உழைக்கும் உடம்பு வேறு எங்கோ செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். எங்கே, எவ்வளவு என்று ஆய்வாளர்களுக்குள் வாதம் நடக்கிறது. எடை குறைய வேண்டுமானால் தட்டில் கைவைக்க வேண்டும். இறங்கிய எடை திரும்ப ஏறாமல் காப்பதில் நடை நன்றாக உதவும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ வந்து, நின்றதும் குறைந்தால் வாயுப் பிடிப்பு என்று சோடா குடிக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். வருடக் கணக்கில் உட்கார்ந்திருந்தவர், அதுவும் சுகரோ பி.பி.யோ உள்ளவர், முதல் நாளே மகனோடு போட்டி போட்டு ஓடக்கூடாது. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நடையின்போதோ பிறகோ சர்க்கரை தாழ்ந்துவிடலாம். பையில் இனிப்பு இருக்கட்டும். வேகமாக நடந்து சட்டென்று நிற்காதீர்கள். கெண்டைக்கால் பிழிவது நின்றதும் ரத்தம் காலிலேயே தங்கித் தலைசுற்றும். பளு தூக்குகிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

மெஷினுக்குப் பதில் எதைப் பார்ப்பது என்று கேட்பீர்கள். காலையில் எழுந்ததும், காபிக்கு முன், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணிக் காலண்டரில் குறியுங்கள். சில வாரங்களில் அது மெல்ல இறங்கும். காய்ச்சலோ தூக்கமின்மையோ இருந்தால் ஏறும், அதுவும் ஒரு தகவல். வேக நடையை முடிக்கும்போது ஒருமுறை, மெதுவாக நடந்துகொண்டே ஒரு நிமிடம் கழித்து மறுமுறை பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். வித்தியாசம் வளர்ந்துகொண்டே போனால் வேகஸ் நரம்பு சுறுசுறுப்பாகிவிட்டது என்று அர்த்தம். ட்ரெட்மில் பரிசோதனை செய்தவர்களைப் பற்றிய 1999-ன் அமெரிக்க ஆய்வு ஒன்று, முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்குவதை ஆபத்தின் அறிகுறியாகச் சொன்னது. அது மருத்துவமனை அளவு, வீட்டுக் கணக்கை வைத்து யாரும் பயப்பட வேண்டாம். அட்டினலால், மெட்டோபிரலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி எப்படியும் தணிந்தே இருக்கும். அவர்களுக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. வேகத்துக்கு ஒரு சுலபமான அளவு: பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம்மில் பலர் அதைக் காதிலேயே வாங்குவதில்லை.

அதனால் அடுத்த இதழில் அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம். ஜிம்முக்குப் போகாமல், வீட்டு நாற்காலியையும் சுவரையும் வைத்து அறுபது வயதுக்காரர்கள் செய்யக்கூடியவை என்னென்ன என்று படங்களோடு வரும். கேள்வி எழுதுகிறவர்கள் வயதையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்; அது இல்லாமல் எங்கள் மருத்துவ ஆலோசகர் பதில் எழுத மறுக்கிறார். எடையை எழுத வேண்டியதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்